தூங்குமூஞ்சி மரத்து பேஸ் கிடாரில் நான் வைத்த இரும்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசாக வேண்டும் என்று ஒருவர் கேட்டு, லேசாக வரவேண்டும் என்று பாடுபட்டு இழைத்து, லேசாகவே முடித்த ஒரு பேஸ் கிடாருக்குள் இரும்புத் துண்டை வைத்து மூடியவன் நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. குடித்துவிட்டும் செய்யவில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, என் முழு அறிவையும் பயன்படுத்திச் செய்தேன். அந்த அறிவின் அளவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், மேனாம்பேட்டில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு சர்ச்சில் வாசிக்கிற இளைஞர்கள். வெளிநாட்டு பேஸ் கிடார்கள் மலிவாக வந்து இறங்க ஆரம்பித்ததிலிருந்து பளபளப்பான விலைப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒவ்வொரு கிடாருக்கும் கீழே ஏதேதோ மரத்தின் பெயர். "அங்கிள், கம்மி வெலையில எந்த மரம் பெஸ்ட்டு?" என்று கேட்கிறார்கள். ஓய்வு பெற்ற தொழிலாளியிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் கிடைக்கும் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை.

பேஸ் கிடார் என்பது நான்கு தடித்த தந்திகள் கொண்ட பெரிய கிடார். மெல்லிசைக் கச்சேரியில் அது வாசிக்கப்படுவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நின்றுபோனால் மட்டும் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றதுபோல. அந்தக் கிடாரைத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டின் கடைசியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே, ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் செய்துகொண்டிருந்தோம். அதற்கு முன்னால் நான் ரேடியோவுக்கு மரப்பெட்டி செய்கிற தச்சன். பெட்டிகள் பிளாஸ்டிக்காகிவிட்டதால் எண்பதுகளின் ஆரம்பத்தில் இங்கே வந்து சேர்ந்தேன். தொழில் கற்ற காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருஷம் விரலை வெட்டிக்கொண்டேன். அடுத்த வருஷத்திலிருந்து மரத்தை வெட்டினேன்.

கொட்டகைக்கு சூப்பர்வைசர் எஸ்தர் மேடம். எதிர்ப்பட்டறையில் ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளை நாங்கள் பிக்கப் என்போம். அதைச் சுற்றுவதற்காகத்தான் முதலாளி அவரை அழைத்து வந்தார். கொஞ்ச நாளில் கொட்டகையே அவர் கைக்குள் போய்விட்டது. என்னைவிடச் சில வயது இளையவர். சாதாரணமாக "மூர்த்தி அண்ணே" என்பார். அந்த 'அண்ணே' கழன்று விழுந்தால் நான் மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம்.

அவர் ஒரு கிடாரைச் சோதிக்கும் முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதலில் கையைத் தூக்குவார். துளை போடும் மெஷின் நிற்கும். தேய்ப்புத்தாள் நிற்கும். டீ கொண்டுவருகிறவர் வாசலிலேயே நின்றுவிடுவார். ஆம்ப்ளிஃபயரை இணைக்க மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, கிடாரை மடியில் சாய்த்து, அதன் உடம்பில் மேலே நீண்டிருக்கும் கொம்பின் நுனியில் தன் தாடை எலும்பைப் பதிய வைப்பார். கண்ணை மூடுவார். தடித்த தந்தியை ஒரே ஒரு தடவை மீட்டுவார். அவ்வளவுதான். எங்கள் காதுக்கு ஏதோ 'தும்' என்று கேட்டு முடிந்திருக்கும். அவருக்கு முடிந்திருக்காது. மரத்துக்குள் நடந்து, எலும்புக்குள் ஏறி, தலைக்குள் எங்கோ தூரத்தில் அந்த ஸ்வரம் போய்க்கொண்டே இருக்கும். அவர் முகம் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருக்கும். கூரை ஓட்டை வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கி, அதில் மரத்தூள் மிதக்கும். நாங்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே பாதி தூக்கத்தில் இருப்போம்.

பிறகு கண்ணைத் திறந்து இரண்டில் ஒன்று சொல்வார். "போலாம்." அல்லது "இன்னொரு மழ பாக்கட்டும்."

இரண்டாவது சொல்லுக்கு ஒரு வழக்கம் பின்னால் இருந்தது. கிடாரின் கழுத்தைச் செதுக்கியதும் நாங்கள் உடம்போடு பூட்ட மாட்டோம். கம்பியில் கட்டிக் கூரையில் தொங்கவிடுவோம். ஒரு மழைக்காலம் முழுக்க அது அங்கேயே தொங்கும். ஐப்பசியில் ஏரிப்பக்கத்திலிருந்து ஒரு ஈரம் கிளம்பிக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது அந்தக் கழுத்துகள் மெல்ல மெல்லப் புரளும், தூக்கத்தில் திரும்பிப் படுப்பவர்களைப் போல. புரண்டு முடித்து நேராக நின்றதைத்தான் பூட்டலாம். கோணிக்கொண்டதை மறுபடி இழைத்து, மறுபடி தொங்கவிட வேண்டும். மழை பெய்யும் மத்தியானங்களில் தலைக்கு மேலே அவை ஒன்றோடொன்று லேசாக முட்டிக்கொள்ளும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தவனுக்கு உலகத்தில் அவசரம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். முதலாளிக்கு மட்டும் மறக்காது.

சரி, மரத்துக்கு வருகிறேன். எங்களிடம் மூன்று வகை உடம்பு இருந்தது. தேக்கு, பிளைவுட், தூங்குமூஞ்சி. தேக்குக்குப் பெயர் உண்டு, கனம் உண்டு, விலை உண்டு. ஆனால் எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காவிட்டால் கோந்து ஒட்டாது. அதன் சத்தம் நன்றாகத்தான் இருக்கும். கச்சேரியின் பாதியில் வாசிப்பவன் முதுகு நன்றாக இருக்காது. பிளைவுட் மலிவு. வெயிலுக்கும் மழைக்கும் அசையாது, சத்தத்துக்கும் அவ்வளவாக அசையாது. தலையணையைத் தட்டுவதுபோல இருக்கும். ஆனால் கற்றுக்கொள்கிறவனுக்கு அது போதும், அதைக் கேவலமாகப் பேசுகிறவனை நம்பாதீர்கள்.

மூன்றாவது, சாலையோரத்தில் குடை விரித்து நிற்கிற தூங்குமூஞ்சி மரம். சாயங்காலமானால் இலை மடித்துக்கொண்டு தூங்கிவிடும். அதன் கட்டையிலேயே லேசான பாகமாக மேடம் பொறுக்குவார். நன்றாகக் காய்ந்த பலகையை விரலால் தட்டினால் உள்ளே யாரோ 'ம்' கொட்டுவது மாதிரி கேட்கும். தேக்கின் விலையில் பாதிகூட வராது. குறை ஒன்றுதான். உடம்பு லேசாக இருப்பதால் கழுத்துப் பக்கம் சாயும். இன்னொரு குறை, பெயர். தூங்குமூஞ்சி மரத்தில் செய்த கிடார் என்று சொல்லி எந்த மெல்லிசைக் குழுவிடம் விற்பது?

மற்ற இடங்களில் மேடம் காசைப் பார்க்க மாட்டார். கழுத்தில் பதிக்கும் மெட்டுக் கம்பி பித்தளையாக இருந்தால் சீக்கிரம் தேய்ந்து பள்ளம் விழும் என்று நிக்கல் கலந்த கம்பிதான் போடுவார். தந்தி உட்காரும் மேல்பாலத்துக்கு பிளாஸ்டிக் கூடாது, மாட்டெலும்புதான். பிக்கப்பை முக்கி எடுக்கும் மெழுகு அவர் சர்ச்சில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகள். "அதான் நம்ம பேஸு கத்தாம அடக்கமா பேசுது" என்று நான் சொல்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

சனிக்கிழமைகளில் என்னைக் கரையான்சாவடியில் இருந்த முதலாளியின் கடைக்கு அனுப்புவார்கள், சுருதி கூட்டவும் வாய் பேசவும். அங்கேதான் கெட்டுப்போனேன். வருகிறவர்கள் யாரும் கிடாரை வாசித்துப் பார்ப்பதில்லை. பித்தளைக் குடம் வாங்குவதுபோல ஒரு கையால் தூக்கி, உதட்டைப் பிதுக்கி, மறுபடி தூக்கிப் பார்ப்பார்கள். நானும் "தூக்கிப் பாருங்க சார், கனத்தைப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லித் தேக்கை விற்றேன். ஒரே பொய்யை வாராவாரம் சொன்னால் வாங்குகிறவனுக்கு முன்னால் விற்கிறவன் நம்பிவிடுவான் என்பதற்கு நான்தான் உதாரணம். லேசான பொருளைக் கையில் எடுத்தாலே எனக்கு வெட்கமாக இருக்க ஆரம்பித்தது.

அப்படி இருக்கும்போதுதான் பழனிவேல் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம், சாயங்காலமானால் மெல்லிசைக் குழுவில் பேஸ். வேலையில் ஒரு தடவை வலது தோளில் அடி பட்டதோடு இடது தோள்தான் எல்லாவற்றையும் சுமந்தது. அதில் எங்கள் தேக்குக் கிடாரை மாட்டிக்கொண்டு ரிசப்ஷன் முழுக்க நிற்க வேண்டும்.

"முடியலண்ணே," என்றார் என்னிடம். "பாட்டு நடுவுல வாரை இழுத்து மாத்துறேன். அந்த நேரம் ஒரு அடி விட்டுப்போகுது. எங்க குழுத் தலைவரு கஜா அண்ணன் கீபோர்டு வாங்கி வச்சிருக்காரு. அதுல இடது கைலயே பேஸ் வாசிச்சிரலாமாம். அடுத்த ரிசப்ஷன்ல ஒக்காராம கடைசி வரைக்கும் நின்னு வாசிச்சா இருக்கேன். இல்லைன்னா வீட்டுக்குப் போன்னுட்டாரு."

"போனா என்ன, ரெஸ்ட் எடுங்களேன்" என்றேன் நான், வழக்கம்போல.

அவர் சிரிக்கவில்லை. "பகல் பூரா மெஷின் சத்தம்ணே. இது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு."

மேடம் காதில் அது விழுந்தது. எழுந்து போய், கூரையில் மூன்று மழை பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கழுத்தை இறக்கினார். விற்பனைக்கு இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்த கழுத்து அது. தூங்குமூஞ்சி உடம்பு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தை இன்னும் குடைந்து எடுக்கச் சொன்னார். நான்தான் குடைந்தேன். பூட்டித் தந்தி கட்டி அவர் தாடையில் வைத்தபோது, அவர் கண் திறக்க அவ்வளவு நேரமானது. மூர் மார்க்கெட் ரயிலொன்று அம்பத்தூரைத் தாண்டிப் போய் அதன் சத்தமும் அடங்கியது. "போலாம்" என்று அவர் சொன்னபோது குரலே தூக்கத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

மறுநாள் மேடம் இல்லாத நேரத்தில் குழுத் தலைவர் கஜேந்திரன் கொட்டகைக்கு வந்தார். பெரிய மீசை, பெரிய மோதிரம், நல்ல மனுஷன். கிடாரைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, அட்டப்பொட்டியா? உள்ள ஒண்ணுமே இல்லியா?"

"புது மாடல் தலைவரே" என்றேன்.

"இத்த மாட்டிகினு மேடையில நின்னா பசங்க சிரிப்பானுங்கோ. இன்னா மரம்?"

மரத்தின் பெயரைச் சொன்னால் பழனிவேலின் கதை அங்கேயே முடிந்தது என்று தோன்றியது. "வெளியூர் மரம். இன்னும் ஃபிட்டிங் முடியல, ஞாயித்துக்கெழம பாருங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அன்று மத்தியானம்தான் அந்த மகத்தான காரியத்தைச் செய்தேன். பக்கத்து லேத் பட்டறையிலிருந்து கைக்கு அடக்கமான இரும்புத் துண்டு ஒன்றை வாங்கி வந்தேன். பழைய சைக்கிள் டியூபில் சுற்றி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கிற பின்பக்கக் குழியில் வைத்து, கோந்து போட்டு, மூடியைத் திருகினேன். தூக்கிப் பார்த்தேன். ஆகா, என்ன கனம். தேக்கே தோற்றுப்போகும். பழனிவேலின் தோளை நினைக்கவே இல்லையா என்று கேட்கிறீர்கள். நினைத்தேன். 'இந்தச் சின்னத் துண்டு என்ன செய்துவிடப் போகிறது' என்றும் நினைத்தேன். என் தோளில் தொங்கப் போவதில்லையே.

ரிசப்ஷன் திருமுல்லைவாயிலில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஒரு புதுக் கிடார் முதல் தடவை மேடை ஏறும்போது மேடம் நேரில் போய்க் கேட்பார், அது அவர் வழக்கம். என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் கஜா கிடாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். "இப்பத்தான் மாமே சரக்கு!" நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முதல் பாட்டுகள் நன்றாகப் போயின. பன்னீர் வாசனை, குழந்தைகள் ஓட்டம், மேலே விசிறிகள், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஸ்வரம் தண்ணீருக்குள் நடக்கிற யானை மாதிரி போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண் சொக்கியது. அப்போதுதான் கேட்டது. தடித்த தந்தியைத் தொடும்போதெல்லாம் கூடவே ஒரு சின்ன 'ஙொய்ங்'. மேடை விளக்குகளின் சூட்டில் என் கோந்து இளகிவிட்டது. இரும்பு காந்தத்தின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் நடுங்க ஆரம்பித்திருந்தது. பழனிவேல் குனிந்து கிடாரைப் பார்த்தார். இடது தோள் இறங்கியிருந்தது. வாரை மாற்றப் போனவர் கஜாவைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நெற்றி முழுக்க வியர்வை. கஜா கீபோர்டுக்காரரைப் பார்த்து இடது கையைக் காட்டினார், தயாராக இரு என்பதுபோல.

"மூர்த்தி" என்றார் மேடம். அண்ணே இல்லை. "உள்ள இன்னா வச்ச?"

நான் பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

மண்டபமே கூச்சல் போட்டது. ஜன்னல் வழியாக அந்திச் சாம்பல் வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. வெளியே ஜெனரேட்டர்காரன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். அது இருமிக்கொண்டிருந்தது. மேடம் நேராக மேடை ஏறினார். பழனிவேலிடமிருந்து கிடாரை வாங்கி, ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, கொம்பில் தாடையை வைத்தார். அவ்வளவு கூச்சலுக்கு நடுவில், பட்டுப் புடவைகளும் மாலைகளும் நிழலாக அசைகிற இடத்தில், கண்ணை மூடித் தந்தியை மீட்டினார். எனக்கு அந்தக் கூச்சல் எல்லாம் எங்கோ போய்விட்டது. கொட்டகையில் நிற்பதுபோல, மெஷின்கள் நின்றதுபோல இருந்தது. அவர் புருவம் மட்டும் சுருங்கியது.

"ஸ்குரு டிரைவர்" என்றார்.

என் சட்டைப் பையில் இருந்தது. எப்போதும் இருக்கும். நானே திறந்தேன். சைக்கிள் டியூப் சுற்றிய இரும்பு செத்த எலி மாதிரி உள்ளே கிடந்தது. எடுத்துப் பெட்டி மேல் வைத்தேன்.

பழனிவேல் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏண்ணே, இத்தன நேரம் இதையா சொமந்தேன்?"

நகைச்சுவைக்குப் பெயர்போன நான், கழற்றிய ஸ்குருக்களை எண்ண ஆரம்பித்தேன்.

கஜா குனிந்தார். "இன்னாது இது?"

"நீங்க மெச்சுன கனம்" என்றார் மேடம்.

கஜா இரும்பைக் கையில் எடுத்தார். பழக்கதோஷம், இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். "கனம் நல்லாதான் கீது" என்றார். பிறகு அவரே வெடித்துச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "ஆனா வார்த்த வார்த்ததான் பழனி. இன்னும் பாதி கச்சேரி கீது. நின்னுடு, பாக்கறேன்."

மேடம் மூடியைத் திருகினார். இரும்பு போனதும் கழுத்து மறுபடி கீழே சாய்ந்தது. என் தோளில் கிடந்த துண்டை உருவி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பழனிவேலின் சட்டைக்கும் வாருக்கும் நடுவே மடித்து வைத்தார். வார் வழுக்காமல் பிடித்துக்கொண்டது. கழுத்து நின்றது. ஜெனரேட்டரும் எழுந்தது.

அதற்குப் பிறகு பழனிவேல் வாசித்ததை எப்படிச் சொல்வது? அவர் அதிகம் எதுவும் வாசிக்கவில்லை. ஒரு மெதுவான பாட்டில், பாடுகிற பெண் மூச்சு எடுக்கும் இடத்தில், அந்தத் தடித்த தந்தியை ஒரு தடவை தொட்டு விட்டுவிட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. தரையில் ஏறி, நாற்காலியில் ஏறி, என் முதுகெலும்பில் ஏறியது. எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மாவின் மடியில் அழுதுகொண்டிருந்த குழந்தை வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனது. பக்கத்தில் மேடமும் கண்ணை மூடியிருந்தார். கீபோர்டுக்காரர் தன் இடது கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டார், யாரும் சொல்லாமலே.

கடைசிப் பாட்டு வரைக்கும் பழனிவேல் நின்றார். கஜா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த வாரம் பூந்தமல்லி. லேட்டா வராத."

திங்கட்கிழமை வேலைக்குப் போனால், என் மேஜைக்கு நேர் மேலே, கழுத்துகளுக்கு நடுவே, அந்த இரும்புத் துண்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேடம் பிக்கப் சுற்றிக்கொண்டிருந்தார். கடைக்குப் போனால் மட்டும் நான் "தூக்கிப் பாருங்க" என்பதை விட்டுவிட்டு "மாட்டிகினு கொஞ்ச நேரம் நில்லுங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். விற்பனை குறைந்தது என்று முதலாளி சொன்னார். திரும்ப வந்து சண்டை போடுகிறவர்களும் குறைந்தார்கள் என்று நான் சொன்னேன்.

ஆகவே, விலைப் புத்தகத்தோடு வருகிற தம்பிகளே, எந்த மரம் என்று என்னைக் கேட்காதீர்கள். நின்று பாருங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத் தாடையை வைத்துப் பாருங்கள். கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். மெட்டுக் கம்பிக்குக் காசு கொடுங்கள், பளபளப்புக்குக் கொடுக்காதீர்கள். விற்கிறவன் ரொம்பச் சிரிக்க வைத்தால் பின்மூடியைத் திறந்து பாருங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். அன்று மாலை போட்டார்கள், மிக்சரும் டீயும் கொடுத்தார்கள். வெளியே தூறல். இரும்புத் துண்டு அதே கம்பியில், அத்தனை மழையும் பார்த்து, துருப்பிடித்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் மாலையோடு ஸ்டூல் மேல் ஏறி நின்றேன்.

"மேடம், போறப்போ இத்த ஞாபகத்துக்கு எட்த்துகினு போயிடட்டுமா? எவ்ளோ வருசமா தொங்குது. இன்னுமா நேராவல?"

எஸ்தர் மேடம் கம்பிச் சுருளிலிருந்து தலையைத் தூக்கி, முதலில் இரும்பையும் பிறகு என்னையும் பார்த்தார்.

"இன்னொரு மழ பாக்கட்டும்."